வெண்டியின் பச்சை

ஜனவரி 9

வெண்டியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. இந்தக் கனடாக் குளிரில் ரொறன்ரோ முழுக்க ஸ்நோ கொட்டுகிறது. சூடு போகக்கூடாது என்று டொக்டர் சொன்னதால் பெட்டியைக் கோட்டுக்குள்ளே வைத்து, சுடுதண்ணீர்ப் பையையும் அதோடு சேர்த்து அணைத்துக்கொண்டு டாக்ஸியில் ஏறினேன். டாக்ஸிக்காரன் கண்ணாடியால் பார்த்துப் பார்த்துவிட்டு, கைக்குழந்தையா என்று கேட்டான். ஓம் என்று சொல்லிவிட்டேன். பச்சோந்தி என்று சொல்லியிருந்தால் நடுவழியில் இறக்கிவிட்டிருப்பான்.

வெண்டி என் மகள் சாம்பவியின் பச்சோந்தி. கலியாணத்துக்கு முதலே வாங்கி வளர்த்தவள். போன வருடம் கலியாணம் முடித்து ஒட்டாவாவுக்குப் போகும்போது, “கொஞ்ச நாளைக்கு வைச்சிருங்கோ அம்மா” என்று என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெண்டிக்காய் மாதிரிப் பச்சையாக இருப்பதால் வெண்டியாம். கண்டறியாத பேர்.

வயிற்றுக்குள் முட்டைகள் கட்டிப்போய் வெளியே வராமல் நின்றுவிட்டன. கீறி எடுத்தார்கள். முட்டைப்பையையும் எடுத்துவிட்டார்களாம், இனிமேல் அதற்கு அந்தக் கரைச்சல் இல்லை. தையல் ஆறிவிடும், ஆனால் தானாகச் சாப்பிடத் தொடங்கவேண்டும், சாப்பிடாவிட்டால் தப்பாது என்று அந்தச் சின்ன வயது டொக்டர் பிள்ளை முகத்துக்கு நேரே சொன்னாள். இங்கே ஒளித்து மறைத்துச் சொல்லும் பழக்கம் கிடையாது.

இங்கிலிஷில் நாலைந்து பக்கம் அச்சடித்துத் தந்தார்கள். மருந்து எப்போது எவ்வளவு என்பதை மட்டும் பார்த்துவிட்டு பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டேன். வருத்தக்காரரைப் பார்க்க எனக்கு யாரும் எழுதித் தரத் தேவையில்லை. என் மனுசன் படுக்கையில் கிடந்த காலம் முழுக்க அவரைப் பார்த்தவள் நான்.

ஜனவரி 10

காலையில் ஊசியில்லாத சிரிஞ்சால் வாய்க்குள் மருந்து. அது தலையைத் திருப்ப, நான் பிடிக்க, பாதி மருந்து என் சட்டையில்.

பின்னேரம் சாம்பவிக்குப் போன் எடுத்தேன்.

“அம்மாஆ! எப்பிடி இருக்கிறியள்? வெண்டி என்ன செய்யிறாள்?”

எடுத்தவுடனே அப்படி ஒரு கலகலப்பு. நானும் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன்.

“வேற விசேஷம் ஒண்டும் இல்லையோ பிள்ளை?”

“ஐயோ அம்மா, நீங்களும் உங்கட விசேஷமும்!” என்று சிரித்தாள். என்ன ஒரு சிரிப்பு. அதைக் கேட்டால்தான் எனக்கு அன்றைய நாள் முடியும்.

நவம்பரில், “வாய்க்குப் புளிப்பாய் ஏதும் வேணும்போல கிடக்கு, மாங்காய் அச்சாறு போட்டு அனுப்புங்கோ” என்று ஆசையாய்க் கேட்டவள். ஊறுகாய் போல ஊறவைத்து ஒரு போத்தல் அனுப்பினேன், ஒரு கிழமையில், ஏழே நாளில் முடித்துவிட்டாள். இரண்டாவது போத்தலுக்கு மிளகாய்த்தூளைக் குறைத்துத்தான் போட்டேன். ஏன் குறைத்தேன் என்று எழுதமாட்டேன், கண்ணூறு பட்டுவிடும். அதை அனுப்புவதற்குள் டிசம்பரில் அவளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. நான் வருகிறேன் என்றதற்கு, வேண்டாம், உங்களுக்கும் தொற்றிவிடும் என்றாள். அதற்குப் பிறகு அச்சாறும் வேண்டாமாம். போத்தல் பிரிட்ஜில் அப்படியே இருக்கிறது.

ஜனவரி 11

வருத்தக்காரரை அறைக்குள்ளே தனியப் போட்டு வைப்பது எந்த ஊர் நியாயம்? வெண்டியின் வலைக்கூட்டை, விளக்கு எல்லாவற்றோடும் இழுத்துக்கொண்டுவந்து ஹோலில் டீவிக்குப் பக்கத்தில் வைத்தேன். இடுப்பு பிடித்துவிட்டது. பரவாயில்லை. இனி நான் சோபாவில் இருந்தால் அதுக்கு என் முகம் தெரியும், எனக்கும் அதன் முகம் தெரியும். கூட்டின் சட்டத்தில் திருநீறும் பூசிவிட்டேன்.

என்ன அதிசயம்! கொண்டுவந்து வைத்துக் கொஞ்ச நேரத்தில் அதன் நிறம் எழும்பிவிட்டது. மங்கல் பச்சையாகக் கிடந்த உடம்பில் மஞ்சள் கோடும் நீலப் பொட்டுமாக, கோயில் சேலை மாதிரி. ஆட்கள் இருக்கும் இடத்துக்கு வந்த சந்தோஷம், புழுகம்.

ஜனவரி 12

நான் கிட்டப் போனால் வாயை ஆவென்று திறக்கிறது! பசிக்கிறது போலும். கிரிக்கெட் பூச்சியை இடுக்கியில் பிடித்துக் காட்டினால் வாயை மூடிவிடுகிறது. சிரிஞ்சில் கூழ் கரைத்துக் கொடுத்தேன். முக்கால்வாசி துப்பிவிட்டது. பிடிவாதத்தில் சாம்பவியேதான்.

ஜனவரி 13

இன்றும் தானாகச் சாப்பிடவில்லை.

ஜனவரி 14

பொங்கல். தனி ஒருத்திக்கு எதற்குப் பானை என்று சின்னச் சட்டியில் வைத்தேன். மேல்மாடிச் சுகிர்தத்தைக் கூப்பிட்டேன், பொங்கலுக்கும் ஆச்சு, வெண்டியை வருத்தம் பார்த்ததாகவும் ஆச்சு என்று. அவள் தன் பங்குக்குக் கோயிலில் கண்ட இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஒருத்தி கையில் ஒரு பை அப்பிளும் மாரி பிஸ்கட்டும். யாரோ மனுசருக்குத்தான் வருத்தம் என்று நினைத்திருக்கிறாள்.

“என்ன யோகக்கா, ஆம்பிளை இல்லாமல் முட்டை எப்பிடி வந்தது?” என்று சுகிர்தம் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

“ஏன், கோழி போடுறேல்லையோ?”

“கோழியை ஒப்பரேஷனுக்குக் கொண்டுபோய் நான் கேள்விப்பட்டதில்லை. ஊரில ஓணானைக் கண்டால் கல்லெடுத்து எறிஞ்ச ஆக்கள் நாங்கள்.”

“இது ஓணான் இல்லை. பேய்க்கதை கதையாதை, அதுக்கு விளங்கும்.”

எல்லோரும் கூட்டைச் சுற்றி நின்று பார்த்தார்கள், போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். வெண்டியும் குறைவிடவில்லை. உடம்பைத் தட்டையாக்கி விரித்து, முன்னும் பின்னும் ஆடி, உள்ள நிறமெல்லாம் காட்டியது. “உன்னைக் கண்டால்தான் உந்த ஆட்டம்போல” என்று சுகிர்தம் சொன்னாள். அவள் பகிடிக்குத்தான் சொன்னாள். எனக்கென்றால் நெஞ்சு குளிர்ந்துவிட்டது. இந்த வீட்டில் என்னைக் கண்டு நிறம் மாறுகிற உயிர் வேறெது?

அவர்கள் போன பிறகு வீடு பழையபடி ஆகிவிட்டது. அப்பிளை வெட்டி நானே தின்றேன்.

ஜனவரி 16

பகலிலும் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறது. நான் கையை உள்ளே விட்டால் திறந்து பார்க்கிறது, நிறம் எழும்புகிறது. அதனால் அடிக்கடி கையை விடுகிறேன். சோபாவிலேயே படுக்கிறேன்.

ஜனவரி 17

சாம்பவியோடு கதைத்தேன். வெண்டியின் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாள். நான் ஆரம்பத்திலிருந்து எல்லாம் சொன்னேன். டொக்டர் பிள்ளை முட்டைகளைக் கிண்ணத்தில் வைத்துக் காட்டினதையும் சொன்னேன். சின்னச் சின்னதாய், வெள்ளையாய், ஜவ்வரிசி பெருத்த மாதிரி. எல்லாம் சும்மா முட்டைதான் பிள்ளை, உயிர் பிடிக்காதது, எடுத்து எறிஞ்சாச்சு என்றேன்.

லைன் வெட்டிவிட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன்.

“இருக்கிறன் அம்மா. அடுப்பில தண்ணி கொதிக்குது. பேந்து எடுக்கிறன், என்ன?” என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள்.

பிறகு எடுக்கவேயில்லை. வேலைக்குப் போகிறவள், மறந்திருப்பாள். விசேஷம் ஏதுமா என்று கேட்கக்கூட நேரம் கிடைக்கவில்லை.

ஜனவரி 18

இன்றைக்கு நடந்ததை எழுதாமல் விட்டால் நல்லது. ஆனாலும் எழுதுகிறேன்.

தையல் காட்ட வெண்டியைக் கொண்டுபோனேன். நிறுத்துப் பார்த்தார்கள், மெலிந்துவிட்டது. டொக்டர் பிள்ளை நெற்றியைச் சுருக்கினாள். வீட்டில் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். நான் பெருமையாகப் போனில் படம் காட்டினேன். ஹோல், டீவி, சுற்றிவர நிற்கிற சனம், நடுவில் மஞ்சளும் நீலமுமாக வெண்டி. எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது பாருங்கள், என்னைக் கண்டால் வாயைத் திறந்து சாப்பாடு கேட்கும் என்றேன்.

அவள் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தாள். கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப்போட்டு இருந்தாள். அவள் இங்கிலிஷில் சொன்னதை எனக்கு விளங்கினபடி எழுதுகிறேன்.

“அம்மா, இது சந்தோஷம் இல்லை. பயம். இப்படி நிறத்தை அள்ளிக் காட்டினால், கிட்ட வராதே, என்னை விட்டுவிடு என்று அர்த்தம். வாயைத் திறப்பது கடிப்பேன் என்பதற்கு. ஆடுவதும் அதற்குத்தான். மேலேயிருந்து கை வந்தால் பருந்து என்று நினைக்கும்.”

“அப்ப சந்தோஷமாய் இருந்தால் எப்படித் தெரியும்?”

“ஒன்றும் தெரியாது. வெறும் பச்சையாக இருக்கும். பார்க்க ஒன்றுமில்லாத பச்சை. அதுதான் நிம்மதி.”

திரும்ப அறைக்குள் வைக்கச் சொன்னாள். மூன்று பக்கமும் துணியால் மூடவேண்டும். மருந்து ஒருதரம், பக்கத்தாலே கையைக் கொண்டுபோய், சட்டென்று கொடுத்துவிட்டு வரவேண்டும். கூழைப் பருக்கக்கூடாது. பூச்சியைக் கோப்பையில் போட்டு உள்ளே வைத்துவிட்டு அந்த இடத்தைவிட்டுப் போய்விடவேண்டும். ஒரு கிழமை பார்ப்போம், அதற்குள் தானாகச் சாப்பிடாவிட்டால் ஆஸ்பத்திரியில் விட்டுத்தான் குழாய் போடவேண்டும், இந்த உடம்பு அதைத் தாங்குமோ தெரியாது என்றாள்.

“நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, அதன் கண்ணில் படாமல் இருப்பதுதான்.”

எல்லாம் நான் பிரிட்ஜ் கதவில் ஒட்டின அந்தக் கடதாசியிலேயே இருந்ததாம்.

டாக்ஸியில் வரும்போது பெட்டியைக் கோட்டுக்குள் வைக்க மனம் வரவில்லை. மடியில் வைத்துத் துவாயால் மூடிக்கொண்டு வந்தேன். வெட்கக்கேடு. நான் முகத்தைக் காட்டக் காட்ட அது செத்துக்கொண்டிருந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஜனவரி 19

கூடு பழையபடி அறைக்குள். மூன்று பக்கமும் என் பழைய நூல் சேலை. கோப்பையில் பூச்சி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

ஹோல் வெறுமையாகக் கிடக்கிறது. டீவியின் சத்தத்தைக் குறைத்தேன், பிறகு நிற்பாட்டினேன். குசினிக்குள் அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டேன். சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று எனக்குத் தெரியாது. ஒரு உயிருக்கு நல்லது செய்ய நான் அங்கே இல்லாமல் இருக்கவேண்டுமாம். வயதுபோன காலத்தில் இதையும் பழகவேண்டிக் கிடக்கிறது.

ஜனவரி 20

சாப்பிடவில்லை. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது.

ஜனவரி 21

சாப்பிடவில்லை. இன்று எட்டிப் பார்க்கவில்லை. பூச்சிக் கோப்பையை மாற்றும்போதும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு போய் வந்தேன். புதுக் கலியாணப் பொம்பிளை மாதிரி என்று சுகிர்தம் கண்டால் சிரிப்பாள்.

ஜனவரி 22

சாம்பவி எடுத்தாள். “அம்மாஆ!” என்றாள். வேலையில் ஒருவர் சொன்ன பகிடி, மருமகன் புட்டு அவிக்கப் போய்ச் சட்டியை அடிப்பிடிக்க வைத்தது, பக்கத்துவீட்டு நாய், எல்லாம் ஒரே மூச்சில். இடையில் நான் ஒரு சொல் போட இடமில்லை. சிரிப்புக்கு மேல் சிரிப்பு.

ஒவ்வொரு நாளும் நான் காத்திருந்து கேட்கிற சிரிப்பு. இன்றைக்கு ஏனோ போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

விசேஷம் என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். இங்கே நல்ல குளிர் பிள்ளை என்றேன். போனை வைத்த பிறகு வெண்டியின் அறைக்கதவையே பார்த்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். பிறகு எழும்பிப்போய் பிரிட்ஜில் முன்னுக்கு இருந்த அச்சாறுப் போத்தலைப் பின்னுக்குத் தள்ளி வைத்தேன்.

ஜனவரி 24

நாளையோடு டொக்டர் தந்த கிழமை முடிகிறது. சுகிர்தம் வந்து, “உந்தப் பச்சோந்திக்காக இப்பிடி மெலிஞ்சு போறியளே அக்கா. போனால் போகட்டும், மகளுக்குச் சொல்லிப்போட்டு வேற ஒண்டு வாங்கலாம்” என்றாள். அவள்மேல் எரிந்து விழுந்துவிட்டேன்.

“வேற ஒண்டு, வேற ஒண்டு! போனதுக்குப் பதில் வேற ஒண்டு எண்டு சொல்லிப்போட்டால் சரியோ? அதுதான் அதுக்குப் பதிலாகுமோ?”

நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்று எனக்கே விளங்கவில்லை. பிறகு தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்துச் சமாளித்தேன்.

ஜனவரி 25

கோப்பை வெறுமை!

பூச்சி பாய்ந்து ஓடியிருக்குமோ என்று நிலமெல்லாம் தேடினேன். ஒன்றுமில்லை. திரும்ப வைத்துவிட்டுக் குசினிக்கு வந்து கீரை ஆய்ந்தேன். ஆய்ந்து முடித்துப் போனால் அதுவும் இல்லை. சாப்பிட்டிருக்கிறது. தானாகச் சாப்பிட்டிருக்கிறது! சேலை விலகின இடுக்கால் ஒரு கண்ணால் மட்டும் பார்த்தேன். வெறும் பச்சை. கோடு இல்லை, பொட்டு இல்லை. என்னை அது காணவில்லை.

எனக்கு ஆடவேண்டும் போல இருந்தது. குசினிக்குள் வந்து சத்தமில்லாமல் கைதட்டினேன். டொக்டருக்கு அறிவித்தேன். அவளும் சந்தோஷப்பட்டாள்.

ஜனவரி 27

சாம்பவிக்கு வெண்டி சாப்பிட்டதைச் சொன்னேன். “உண்மையோ!” என்று கூவினாள். அதற்குப் பிறகு நான் ஒன்றும் கேட்கவில்லை. கீரை வாங்கினது, லிப்ட் பழுதானது என்று என் பாட்டில் கதைத்தேன். கதை முடிந்தும் சும்மா இருந்தேன்.

“ஏனம்மா இண்டைக்கு ஒண்டும் கேக்கேல்லை?”

“கேக்க ஒண்டும் இல்லைப் பிள்ளை.”

அவள் மூச்சுவிடுவது மட்டும் கேட்டது. முந்தியென்றால் ஹலோ ஹலோ என்று கத்தியிருப்பேன்.

“வைக்கட்டோ அம்மா?” என்று கேட்டாள். குரல் வேறு மாதிரி இருந்தது. கலகலப்பு இல்லை.

“வை பிள்ளை.”

ஆனால் அவள் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

பெப்ரவரி 1

மணி அடித்தது. கதவைத் திறந்தால் சாம்பவி. சொல்லாமல் கொள்ளாமல் ஒட்டாவாவிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

“வெண்டியைப் பாக்க வந்தனான்!”

சிவப்புக் கோட்டு, பெரிய தோடு, உதட்டுக்குச் சாயம். வாசலிலேயே தொடங்கிவிட்டாள். பஸ்ஸில் வந்த சனம், வழியில் ஸ்நோ, எனக்கு வாங்கின சால்வை, வாய் ஓயவில்லை. முகத்தில் சிரிப்பு ஒட்டி வைத்தது போல இருக்கிறது. கன்னம் உள்ளே போய்விட்டது. கட்டிப்பிடித்து, என்ன பிள்ளை நடந்தது என்று கேட்கக் கையை நீட்டினேன்.

நீட்டின கையால் கோட்டை வாங்கி ஆணியில் கொழுவினேன். சோறும் கறியும் மூடி வைத்தேன்.

“பசிக்கேக்க சாப்பிடு. நான் குசினிக்குள்ள நிக்கிறன்.”

“நீங்கள் கிட்ட இருக்கேல்லையோ?”

“எனக்கு அங்கால வேலை கிடக்கு.”

ஒரு வேலையும் இல்லை. கழுவின கோப்பைகளைத் திரும்பக் கழுவினேன். கொஞ்சம் கழித்து, கோப்பையில் கை படுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. போய்ப் பார்த்தால் சோபாவில் தோட்டைக்கூடக் கழற்றாமல் நித்திரை. போர்த்திவிட்டு வந்தேன்.

பெப்ரவரி 2

காலையில் பின்னாலே கதிரை இழுபடுகிற சத்தம். நான் வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றேன். ஒரு கடைக்கண் பார்வை, அவ்வளவுதான். என் பழைய நைட்டியைப் போட்டிருந்தாள். சீப்பால் தலை இழுக்கவில்லை. சாயமில்லை, தோடில்லை, சிரிப்பில்லை. வெண்டியின் அறைக்குப் போய் இடுக்கால் பார்த்துவிட்டு வந்தவள்.

“வெறும் பச்சையாய் இருக்குது அம்மா.”

“ஓம். அப்பிடித்தான் இருக்கவேணும்.”

நான் வெங்காயத்தை உரித்தேன். இன்னொன்றை எடுத்தேன்.

“அம்மா.”

“ம்.”

“டிசம்பரில எனக்கு வந்தது காய்ச்சல் இல்லை.”

கத்தியை வைக்கவில்லை. திரும்பவும் இல்லை. திரும்பினால் அவள் சிரித்துவிடுவாள், எனக்குத் தெரியும்.

“மூண்டு மாசம் முடியட்டும், பேந்து உங்களுக்குச் சொல்லுவம் எண்டு இருந்தனாங்கள். அதுக்குள்ள...” என்றாள். குரலில் ஒரு ஏற்ற இறக்கமும் இல்லை. “நீங்கள் விசேஷம் விசேஷம் எண்டு கேக்கேக்க எனக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை. சிரிச்சனான்.”

என் கண்ணால் வழிந்தது. வெங்காயம் கையில் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

“நீங்கள் இப்ப ஒண்டும் சொல்லாதேங்கோ அம்மா.”

“சொல்லேல்லைப் பிள்ளை.”

அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆஸ்பத்திரி, மருமகன் கராஜுக்குள் போய் நின்று அழுதது, பிள்ளையின் காலுக்கு வாங்கிவைத்த சின்னச் சப்பாத்தைத் திருப்பிக் கொடுக்காமல் அலுமாரிக்குள் வைத்திருப்பது. நான் ம் கொட்டினேன். எத்தனை வெங்காயம் உரித்தேனோ தெரியாது, இந்தக் கிழமைச் சமையல் முழுக்கக் காணும்.

எல்லாம் சொல்லி முடிந்தது.

“அந்த அச்சாறு இருக்கோ?”

“இருக்கு.”

பின்னுக்குத் தள்ளி வைத்த போத்தலை எடுத்தேன். பழஞ்சோற்றையும் கோப்பையில் போட்டு, பக்கத்தாலே கையை நீட்டி மேசையில் வைத்துவிட்டு, திரும்ப வந்து என் இடத்தில் நின்றுகொண்டேன். அவள் சாப்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு விக்கல். பிறகு நிற்காமல்.

“சரியான உறைப்பம்மா” என்றாள் அழுதுகொண்டே. “ஏன் இவ்வளவு தூள் போட்டனீங்கள்?”

“ஓம் பிள்ளை” என்றேன். “கை தவறிக் கூடப் போட்டிட்டன்.”